பிரேமதாச அரங்குக்குள் அடங்கிவிடும் ஒரு நாடு

வாசகர் கேள்வி – பதில்: உதைபந்தாட்டம்

சென்ற இதழில், இத்தாலி சூழ்ந்திருக்கும் குட்டி நாடான சான் மரினோவின் தேசிய அணியைப் பற்றி ஒரு மூலையில் நான்கு வரி போட்டிருந்தோம். 2026 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் 8 ஆட்டம், 8 தோல்வி, அடித்தது 2 கோல், வாங்கியது 39 கோல். அவ்வளவுதான் செய்தி. அதற்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டன. இந்த வாரப் பக்கம் முழுவதும் சின்ன நாடுகளுக்கே.

சான் மரினோ எவ்வளவு சின்னது? அங்கே ஒரு அணிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்குமே?
– வாசகர், வெள்ளவத்தை

பரப்பில் 61 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் என்பதால் நிலத்தில் அவர்கள் நம்மைவிடப் பெரியவர்கள்தான். ஆட்கள்தான் இல்லை. சனத்தொகை 34,000 அளவில். கெத்தாராமையில் உள்ள ஆர். பிரேமதாச அரங்கில் 35,000 பேர் இருக்கலாம் என்பார்கள். முழு நாட்டையும் கூட்டிவந்து உட்கார வைத்தாலும் சில வரிசைகள் காலியாகக் கிடக்கும்.

இனி ஆள் கணக்கு. 34,000இல் பாதி பெண்கள், மிச்சம் 17,000. அதில் பந்தடிக்கும் வயதுக்காரர், அதாவது 18இலிருந்து 35 வரை, ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் மூவாயிரத்து சொச்சம். அந்த மூவாயிரத்துக்குள்ளிருந்துதான் உள்ளூர் லீக்கின் பதினைந்து கழகங்களுக்கும் ஆள் பிடிக்க வேண்டும், தேசிய அணிக்கும் 23 பேரைப் பொறுக்க வேண்டும். இடது காலால் அடிக்கும் பின்கள வீரர் ஒருவர் காயப்பட்டால் அடுத்தவர் பெரும்பாலும் வலது காலர்தான். ஒரே தலைமுறையில் இரண்டு நல்ல கோல் காப்பாளர் வந்தால் அதுவே அதிர்ஷ்டம்.

அணியில் முழுநேரத் தொழில்முறை வீரர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் பகலில் அலுவலகத்துக்கோ கடைக்கோ படிப்புக்கோ போய்விட்டு இரவில் பயிற்சிக்கு வருபவர்கள். பலர் எல்லை தாண்டி இத்தாலியின் கீழ்ப்பிரிவுக் கழகங்களில் ஆடுகிறார்கள்.

சம்மேளனம் 1931இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவிலும் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்திலும் சேர்ந்தது 1988இல்தான். முதல் உத்தியோகபூர்வ ஆட்டம் 1990 நவம்பர் 14, சுவிட்சர்லாந்திடம் 0–4. அந்தத் தாமதத்தின் விலையை மாசிமோ பொனினி கொடுத்தார். யுவென்டஸ் அணியோடு 1985இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற நடுக்கள வீரர் அவர், சான் மரினோக்காரர். தன் நாட்டுக்குத் தேசிய அணியே இல்லாததால் இளமையில் இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடினார். நாட்டுச் சீருடை அணியக் கிடைத்தபோது வயது 31.

இங்கிலாந்துக்கு எதிராக உலகின் அதிவேக கோலை அடித்தது இந்த அணிதானா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

இவர்கள்தான். 1993 நவம்பர் 17, இத்தாலியின் பொலோனியா நகரம். ஆட்டம் தொடங்கி 8.3 வினாடியில் டாவிடே குவால்தியேரி அடித்தார். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோல் காப்பாளர் டேவிட் சீமனுக்குப் பந்தைப் பின்னால் தட்டினார். தட்டிய வேகம் போதவில்லை. பின்னால் அனுப்பும் பந்தில் பிழை வருவதே அப்படித்தான்: திசை சரியாக இருக்கும், வேகம் குறைந்திருக்கும். குவால்தியேரி நடுவில் புகுந்து முடித்துவிட்டார். முடிவில் இங்கிலாந்து 7–1 என வென்றது, இயன் ரைட்டுக்கு மட்டும் 4 கோல். இருந்தும் 1994 உலகக் கிண்ணத்துக்கு அவர்களால் போக முடியவில்லை.

ஆனால் ‘உலகின்’ என்ற சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். அது உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் அதிவேக கோல். அந்தச் சாதனையும் 2016 ஒக்டோபரில் போய்விட்டது. பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் பென்டேக்கே 8.1 வினாடியில் அடித்தார். யாருக்கு எதிராக? ஜிப்ரால்டருக்கு. சாதனை கைமாறினாலும் சின்ன நாடுகளின் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

தரவரிசையில் சான் மரினோதான் பல ஆண்டுகளாகக் கடைசி. 2024இல் இரண்டு ஆட்டம் வென்ற பிறகும் ஏன் மேலே வரவில்லை? புள்ளி எப்படிப் போடுகிறார்கள்? என் மாணவர்கள் கேட்கிறார்கள்.
– கணித ஆசிரியை, தெஹிவளை

ஆசிரியை என்பதால் கணக்கோடேயே சொல்கிறோம். 2018 ஓகஸ்டிலிருந்து பீஃபா பயன்படுத்தும் முறை சதுரங்கத் தரப்படுத்தலின் உறவுக்காரன். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும்

புள்ளி மாற்றம் = ஆட்டத்தின் பெறுமதி × (கிடைத்த முடிவு − எதிர்பார்த்த முடிவு)

கிடைத்த முடிவு: வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0. பெனால்டி உதைகளில் வென்றால் 0.75, அப்படித் தோற்றால் 0.5.

பெறுமதி ஆட்டத்தின் வகையைப் பொறுத்தது. பீஃபா ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே நடக்கும் சிநேகபூர்வ ஆட்டத்துக்கு 5, அந்த நாட்களுக்குள் நடந்தால் 10, நேஷன்ஸ் லீக் (அதைப் பற்றிக் கீழே) குழு ஆட்டத்துக்கு 15, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு 25. உலகக் கிண்ணக் காலிறுதியும் அதற்கு மேலும் என்றால் 60.

எதிர்பார்த்த முடிவுதான் மாணவர்களுக்குச் சுவையான பகுதி. எதிரணியின் புள்ளியிலிருந்து நம் புள்ளியைக் கழியுங்கள். அதை 600ஆல் வகுங்கள். வருவதை 10இன் அடுக்காக வையுங்கள். அதோடு 1ஐக் கூட்டுங்கள். பிறகு 1ஐ அந்தத் தொகையால் வகுங்கள்.

எதிரணி 600 புள்ளி உயர்ந்தது என்று வைப்போம். 600/600 = 1, 10இன் அடுக்கு 1 என்றால் 10, ஒன்று கூட்ட 11, ஒன்றை 11ஆல் வகுக்க 0.091. தகுதிகாண் ஆட்டத்தில் தோற்றால் இழப்பு 25 × 0.091, அதாவது 2.3 புள்ளி. வென்றால் 22.7 வரும். சமநிலை கிடைத்தாலே 10.2. வித்தியாசம் 800 என்றால் தோல்வியின் விலை 1.1 ஆகச் சுருங்கிவிடும்.

சூத்திரத்தில் கோல் எண்ணிக்கைக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2025 ஒக்டோபர் 9ஆம் திகதி ஒஸ்திரியாவிடம் 0–10 என்று தோற்றார்கள், மார்கோ அர்னாவுட்டோவிச் தனியாக 4 அடித்தார். 0–1 என்று தோற்றிருந்தாலும் போகும் புள்ளி அதேதான்.

இனி உங்கள் கேள்வி. 2024இல் வென்ற இரண்டும் இன்னொரு குட்டி ஐரோப்பிய நாடான லீக்டன்ஸ்டைனுக்கு எதிரானவை, இரண்டும் பெறுமதி 15 உள்ள ஆட்டங்கள். வித்தியாசம் 50 புள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு வெற்றிக்குக் கிடைப்பது 8.2 புள்ளிதான். பல ஆண்டுகளாகத் தோற்று விழுந்த பள்ளத்தை எட்டு எட்டாக நிரப்ப முடியாது. இன்னொன்று, கடைசி இடத்தில் இருக்கும் அணி யாரோடு மோதினாலும் எதிரணிதான் மேலே இருக்கும். ஆகவே தோல்விக்கு இழப்பும் குறைவு. விழவும் மாட்டார்கள், ஏறவும் மாட்டார்கள். கடைசி இடம் ஒட்டிக்கொள்ளும் இடம்.

மாணவர்களுக்கு வீட்டுப் பயிற்சி: வித்தியாசம் 200 என்றால் கீழே உள்ள அணியின் எதிர்பார்த்த முடிவு என்ன? (0.317 வர வேண்டும்.)

அப்படியானால் உலகின் மிக மோசமான அணி இதுதான் என்று எழுதுவது சரிதானே?
– வாசகர், மருதானை

சரியில்லை. ஐரோப்பாவில் பிறந்ததுதான் அவர்கள் செய்த பிழை. ஜேர்மனி, இங்கிலாந்து, ஒல்லாந்து என்று முறைவைத்து வந்து அடித்துவிட்டுப் போவார்கள். செரவாலேயில் உள்ள அவர்களது சொந்த மைதானத்தில் 2006 செப்டெம்பரில் ஜேர்மனி 13–0. அதுதான் இன்றுவரை அவர்களது மிகப்பெரிய தோல்வி. ஒஷியானியாவிலோ கரீபியன் தீவுகளிலோ இருந்திருந்தால் தம் அளவுக்காரர்களோடு மோதி ஆண்டுக்கு ஒன்றிரண்டு வென்றிருப்பார்கள்.

பெரிய தோல்வி என்றால், அமெரிக்க ஆளுகையில் உள்ள பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவின் கதைதான். 2001 ஏப்ரல் 11ஆம் திகதி அவுஸ்திரேலியாவிடம் 0–31. ஆர்ச்சி தொம்சன் மட்டும் 13 கோல். எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் காரணத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் ஆட முடியாது என்று முடிவானது. தெரிவான குழுவில் கோல் காப்பாளர் நிக்கி சலாப்பு மட்டுமே தேறினார். இளையோர் அணியை அழைக்கலாம் என்றால் பலருக்குப் பாடசாலைப் பரீட்சை. 15 வயதுப் பையன்களையும் சேர்த்துத்தான் களமிறக்கினார்கள். அதே நாடு 2011 நவம்பரில் டொங்காவை 2–1 என வென்றது. அன்றும் கோல் காப்பாளர் சலாப்புதான்.

இருபது வருடம் வெல்லாத அணி திடீரென்று எப்படி வென்றது?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

திடீரென்று இல்லை. யாரோடு மோதுகிறார்கள் என்பது மாறியது.

முதல் வெற்றி 2004 ஏப்ரல் 28, லீக்டன்ஸ்டைனுக்கு எதிரான சிநேகபூர்வ ஆட்டம், 1–0. ஃப்ரீ கிக்கில் கோல் போட்டவர் அண்டி செல்வா. நாட்டின் அதிக கோல்காரர் அவர், மொத்தமே 8 கோல்தான் என்பது வேறு. அதன்பின் 140 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. இடையில் 61 தொடர் தோல்விகள். அந்தச் சங்கிலி 2014 நவம்பரில் எஸ்தோனியாவுடன் 0–0 என்ற சமநிலையில் அறுந்தது.

2018இல் நேஷன்ஸ் லீக் வந்தது. தரத்தின்படி அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒரே பிரிவுக்காரர்களையே மோதவிடும் ஏற்பாடு. நான்காம் பிரிவில் ஜிப்ரால்டர், லீக்டன்ஸ்டைன், அன்டோரா போன்றவர்கள். அங்கே பந்து உங்கள் காலிலும் சற்று இருக்கும். முன்னேறுவது எப்படி, கோல் அடித்தபின் என்ன செய்வது என்பதெல்லாம் அப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் பழகும். ஜேர்மனியோடு ஆடினால் தற்காப்பு மட்டும்தான் பழகும்.

பலன் முதலில் 2023இல் தெரிந்தது. டென்மார்க்கிடம் 1–2, கசகஸ்தானிடம் 1–3, பின்லாந்திடம் 1–2. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோல். தோல்விகள்தான், ஆனாலும் இந்த நாடு முன்பு கண்டிராத வரிசை. 2024 செப்டெம்பர் 5ஆம் திகதி 19 வயது நிக்கோ சென்சோலி அடித்த ஒரே கோலில் லீக்டன்ஸ்டைனை வென்றார்கள். உத்தியோகபூர்வப் போட்டியில் அதுவே முதல் வெற்றி. பிறகு நவம்பர் 18ஆம் திகதி லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வாடுஸில், முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, இரண்டாம் பாதியில் மூன்று அடித்து 3–1. வெளிநாட்டு மண்ணில் முதல் வெற்றி. குழுவில் சான் மரினோ 7 புள்ளி, ஜிப்ரால்டர் 6, லீக்டன்ஸ்டைன் 2. மூன்றாம் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். பயிற்றுநர் ரொபேர்ட்டோ செவோலி.

ஏறியதில் ஒரு சங்கடமும் உண்டு. மூன்றாம் பிரிவில் லீக்டன்ஸ்டைன் மாதிரி எதிரணி கிடைக்காது.

17 வயதுக்குட்பட்ட அணி ஒன்றைப் பயிற்றுவிக்கிறேன். எங்களைவிடப் பெரிய பாடசாலைகளிடம் 0–7, 0–9 என்று தோற்கிறோம். சான் மரினோ மாதிரி அணிகள் தற்காப்பை எப்படி அமைக்கின்றன? எதையாவது எடுத்துக்கொள்ளலாமா?
– பயிற்றுநர், மட்டக்குளி

எடுத்துக்கொள்ளலாம். ஒரு சோடி முடிவைப் பாருங்கள். 2025 ஜூனில் பொஸ்னியாவில் சான் மரினோ தோற்றது 0–1. மூன்று மாதம் கழித்து அதே பொஸ்னியாவிடம் சொந்த மைதானத்தில் 0–6. ஏறத்தாழ அதே ஆட்கள். ஒழுங்கு குலையாமல் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள் என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்.

அமைப்பு 5–4–1: பின்னே ஐவர், நடுவே நால்வர், முன்னே ஒருவர். ஏன் ஐந்து பேர்? மைதான அகலம் 68 மீற்றர், பெனால்டிப் பெட்டியின் அகலம் 40 மீற்றர். நான்கு பேர் பெட்டி அகலத்தைக் காத்தால் இருவருக்கிடையில் 13 மீற்றர் இடைவெளி. ஐந்து பேர் என்றால் 10 மீற்றர். அந்த மூன்று மீற்றரில்தான் நல்ல முன்கள வீரன் ஓடி நுழைவான். பெட்டிக்கு வெளியே இருபுறமும் எஞ்சும் 14 மீற்றர் ஓரங்களை நடுவரிசையின் ஓரக்காரர்கள் பார்க்கட்டும். ஓரத்தில் பந்து இருந்தால் உயிர் போகாது.

பின்வரிசை பெட்டியின் விளிம்பில், அதாவது கோல் கோட்டிலிருந்து 16 மீற்றர் தள்ளி. நடுவரிசை அதற்கு முன்னே 10 முதல் 12 மீற்றர். இந்த இடைவெளி 20 மீற்றர் ஆகிவிட்டால் எதிரணியின் பத்தாம் இலக்கக்காரன் (தாக்குதலை வழிநடத்தும் நடுக்கள வீரன்) அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். எதிரணி பந்தைப் பின்னால் அனுப்பும் ஒவ்வொரு முறையும் முழு வரிசையும் நான்கைந்து மீற்றர் முன்னே வர வேண்டும். பையன்கள் செய்யாதது இதைத்தான். களைத்தவன் கோலைப் பார்த்தே பின்வாங்குவான். கடைசியில் எட்டுப் பேர் கோல் காப்பாளரின் மூக்குக்கு முன்னால் நிற்பார்கள். அவனுக்குப் பந்து தெரியாது, பெட்டி விளிம்பில் விழும் பந்து எதிரணிக்கு இலவசம்.

அடுத்த பிழை, கண்ணை மூடிக்கொண்டு பந்தை வெளியேற்றுவது. நடுவில் அடித்த பந்து ஐந்து வினாடியில் திரும்பி வரும். வெளியேற்றினால் பக்கக் கோட்டை நோக்கி அடிக்க வேண்டும், அல்லது முன்னே நிற்கும் ஒற்றை ஆளின் நெஞ்சுக்கு. அந்த ஒற்றை ஆள் கோல் அடிக்க வேண்டியதில்லை. முதுகைக் கொடுத்து நான்கு வினாடி பந்தை வைத்திருந்தால் மற்ற ஒன்பது பேரும் மூச்சு வாங்கி முன்னேறிவிடுவார்கள். அணியில் வேகமானவனை அங்கே போடாதீர்கள், பலசாலியைப் போடுங்கள்.

கோல் வெள்ளம் பெரும்பாலும் 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு வரும். கொழும்பின் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் முன்பே. முதலில் களைப்பது நடுவரிசையின் இரு ஓரக்காரர்கள். ஐம்பத்தைந்தில் இருவரையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், 0–2 என்று பின்தங்கியிருந்தாலும்கூட. ஒரு கோல் வாங்கிய மறுநிமிடமே முன்னேறிப் பாய்ந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று விழும். கோல் வாங்கினால் பதினைந்து நிமிடம் அமைப்பைத் தொடாதீர்கள்.

மூலை உதைக்கு ஐந்து பேர் கோல் முன்னுள்ள சின்னப் பெட்டியின் கோட்டில் இடம் காக்கட்டும், மூவர் எதிரணியின் உயரமானவர்களைப் பிடிக்கட்டும், ஒருவர் பெட்டி விளிம்பில், ஒருவர் நடுக்கோட்டருகில். கோலிலிருந்து 25 மீற்றருக்குள் முரட்டாட்டம் வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் சேறான மைதானம் என்றால் கோல் காப்பாளருக்குப் பின்பந்து அனுப்புவதை முற்றாகத் தடைசெய்யுங்கள். பியர்ஸ் கதையை மேலே வாசித்திருப்பீர்கள்.

பயிற்சிக்கு அரை மைதானம் போதும். கோல் காப்பாளரோடு எட்டுப் பேர் காக்க, பத்துப் பேர் தாக்கட்டும். ஆறு நிமிடம், இரண்டு நிமிட ஓய்வு, நான்கு சுற்று. காப்பவர்கள் நடுக்கோட்டில் நிற்கும் ஆளுக்குப் பந்தைச் சேர்த்தால் அவர்களுக்கு ஒரு புள்ளி. கிழமைக்கு இரண்டு முறை, ஆறு கிழமை செய்தால் 0–9 என்பது 0–3 ஆகும். வெற்றி வரும் என்று உறுதி தரமாட்டோம்.

சான் மரினோ 2026 உலகக் கிண்ணத்துக்கு மயிரிழையில் தவறியது என்று முகநூலில் படித்தேன். 8 ஆட்டமும் தோற்ற அணி எப்படி?
– வாசகர், பம்பலப்பிட்டி

மயிரிழை என்பது மிகை. ஆனால் வதந்திக்கு அடியில் உண்மை ஒன்று இருக்கிறது.

ஐரோப்பாவின் கடைசிக் கட்ட மோதல்களுக்குப் பதினாறு இடங்கள். பன்னிரண்டு, தகுதிகாண் குழுக்களில் இரண்டாமிடம் பெற்றவர்களுக்கு. மிச்சம் நான்கு, நேஷன்ஸ் லீக்கில் தம் குழுவை வென்று, தகுதிகாண் குழுவில் முதல் இரண்டு இடத்துக்குள் வராதவர்களில் சிறந்த நால்வருக்கு. நேஷன்ஸ் லீக் குழுக்களை வென்றவர்கள் மொத்தம் 14 பேர். அந்தப் பட்டியலில் சான் மரினோ பதினான்காவது. மேலே உள்ள 13 பேரில் 10 பேர் தகுதிகாண் சுற்றில் முதல் இரண்டுக்குள் வந்துவிட்டால் நான்காவது இடம் சான் மரினோவுக்கு விழும்.

அதிலும் வேடிக்கை, அந்தப் பதின்மூவரில் ஒன்றான ருமேனியா சான் மரினோவின் அதே குழுவில் இருந்தது. ருமேனியா இரண்டாமிடம் வந்தால் சான் மரினோவுக்கு நல்லது. ஆகவே அவர்களிடம் நிறையக் கோல் வாங்கித் தோற்றால் இலாபம் என்று வலையுலகம் கணக்குப் போட்டது. நடந்தது வேறு. ருமேனியா பொஸ்னியாவிடம் 1–3 எனத் தோற்று இரண்டாமிடத்தைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நவம்பர் 18ஆம் திகதி சான் மரினோவை 7–1 என அடித்ததில் யாருக்கும் பயனில்லை. தேவைப்பட்ட 10 பேரில் வந்தவர்கள் 8. நான்கு இடங்களும் ருமேனியா, சுவீடன், வட அயர்லாந்து, வட மசிடோனியா ஆகியவற்றுக்குப் போயின. மொல்டோவாவும் சான் மரினோவும் வெளியே.

சின்ன நாட்டு உலகக் கிண்ணக் கதை வேண்டுமென்றால் கரீபியன் தீவான கியூரசாவோவைப் பாருங்கள். ஒன்றரை இலட்சத்துச் சொச்சம் பேர். அதே 2025 நவம்பர் 18ஆம் திகதி ஜமெய்க்காவில் 0–0 என்று ஆடி இடம் பிடித்தார்கள். உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற நாடுகளில் சனத்தொகை மிகக் குறைந்தது அதுதான்.

வத்திக்கானுக்கு அணி உண்டா? மொனாக்கோ?
– மாணவி, மோதரை

இரண்டும் பீஃபா உறுப்பினரில்லை. மொனாக்கோ என்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது பிரெஞ்சு லீக்கில் ஆடும் கழகம்.

2015இல் பூட்டான் நம்மைக் கொழும்பில் வைத்தே வென்றதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், கிராண்ட்பாஸ்

மறக்க முடியுமா? 2015 மார்ச் 12, சுகததாச அரங்கு, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். பூட்டான் அன்று தரவரிசையில் 209ஆவது, அதாவது கடைசி. இலங்கை 174ஆவது. 84ஆவது நிமிடத்தில் ஷெரிங் டோர்ஜி அடித்த கோலில் 0–1. ஐந்து நாள் கழித்து திம்புவில் 1–2, செஞ்சோ கியெல்ட்ஷென் இரண்டும் அடித்தார். திம்பு கடல்மட்டத்திலிருந்து 2,300 மீற்றர் அளவு உயரம், அங்கே நம்மவர்களுக்கு மூச்சு முட்டியது என்று சமாதானம் சொல்லலாம். கொழும்பு ஆட்டத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. தரவரிசையில் 35 இடம் மேலே என்பதை நாம் நம்பிவிட்டோம், அவர்கள் நம்பவில்லை. அடுத்த சுற்றில் பூட்டான் கட்டாரிடம் 0–15 என்று அடிவாங்கியது தனிக்கதை.

இன்னும் ஒரு கசப்பு மாத்திரை. 2021 நவம்பரில் கொழும்பு றேஸ்கோர்ஸ் அரங்கில் நான்கு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் சீஷெல்ஸ் நம்மைப் பெனால்டி உதைகளில் வென்றது. ஒரு இலட்சம் பேர் கொண்ட நாடு. அதே சீஷெல்ஸ் மறுவருடம் செப்டெம்பரில் சான் மரினோவுக்குப் போய் 0–0. இதைக் கொண்டு நம்மையும் சான் மரினோவையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆனாலும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் உள்ள நாடு ஆட்பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பக்கத்து மாலைதீவு 1997இல் ஈரானிடம் 0–17 என்று தோற்ற நாடு. பதினொரு வருடத்தில், 2008 ஜூனில், இதே சுகததாச அரங்கில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியச் சம்பியனானது. 2018இல் மறுபடியும். இன்னொரு சின்ன இடம், ஐரோப்பாவின் பரோ தீவுகள். அங்கே 54,000 பேர்தான். ஊருக்கு ஊர் செயற்கைப் புற்தரை போட்டிருக்கிறார்கள், மழையிலும் குளிரிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். 2025 ஒக்டோபரில் செக் நாட்டை 2–1 என வென்றார்கள். நம் ஊரில் நல்ல மைதானம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ண ஒரு கை போதும்.

என் தங்கையின் மகன் பாரிஸில் பிறந்தவன், கழக அணியில் ஆடுகிறான். இலங்கை அணிக்கு ஆட முடியுமா?
– வாசகி, வத்தளை

முடியக்கூடும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் குடியுரிமை, பிறகுதான் பந்து.

பீஃபா விதிப்படி அந்த நாட்டின் குடியுரிமை இருக்க வேண்டும். அதோடு பின்வருவனவற்றில் ஒன்றாவது: அங்கே பிறந்திருக்க வேண்டும், பெற்ற தாயோ தந்தையோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா ஆகியோரில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லாவிட்டால் அங்கே வசித்த காலத்தைப் பார்ப்பார்கள். பையனுக்கு இரண்டாவதே பொருந்தும். தங்கையின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

சிக்கல் வருவது குடியுரிமையில். பையன் பிறந்த நாளில் தாயோ தந்தையோ இலங்கைக் குடியுரிமையோடு இருந்தார்களா? இருந்திருந்தால், பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பிந்தியிருந்தால் விசேட அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன்பே இருவரும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள் என்றால் வழி நீளும். பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நேரில் விசாரிப்பதே நல்லது.

அவன் பிரான்சின் இளையோர் அணிக்கு உத்தியோகபூர்வப் போட்டியில் ஆடியிருந்தால் அதை மறைக்காதீர்கள். மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆனால் வாழ்நாளில் ஒரே முறை. மூத்தோர் அணிக்கு ஆடியிருந்தால் 21 வயதுக்கு முன், மூன்று ஆட்டத்துக்கு மேற்படாமல் ஆடியிருக்க வேண்டும், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று வருடமும் கழிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்து இலங்கைக்கு ஆடுவது புதிதல்ல. ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக்கும் லண்டனில் பிறந்த டிலொன் டி சில்வாவும் இந்த வழியில் வந்தவர்கள்தான். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அங்கேயே பெனால்டி உதைகளில் வீழ்த்திய இலங்கை அணியில் இப்படி வந்தவர்கள் பலர்.

சான் மரினோ ஆடும் ஆட்டத்தை ஒருமுறை நேரலையில் பார்க்க ஆசை. ஒவ்வொரு தடவையும் நேரம் பிழைக்கிறது. கொழும்பில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்?
– வாசகர், கொச்சிக்கடை

பிழைப்பது இரண்டு காரணத்தால். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடைநேரம். அப்போது நாம் மூன்றரை மணித்தியாலம் முன்னே. மற்ற மாதங்களில் நாலரை. இரவு 8.45 ஆட்டம் செப்டெம்பரில் என்றால் நமக்கு 12.15, நவம்பரில் என்றால் 1.15. மாலை 6 மணி ஆட்டம் செப்டெம்பரில் இரவு 9.30, நவம்பரில் 10.30.

அடுத்தது திகதி. அட்டவணையில் 18ஆம் திகதி இரவு 8.45 என்று இருந்தால் நமக்கு அது 19ஆம் திகதி அதிகாலை. 18ஆம் திகதி இரவு படுக்கப்போகும்போது அலாரத்தை வையுங்கள். 17ஆம் திகதி இரவு வைத்தால் வெறும் திரையைத்தான் பார்ப்பீர்கள். முதல் ஐந்து நிமிடத்தைத் தவறவிட வேண்டாம். 2004இல் செல்வா அடித்த அந்த கோல் ஐந்தாவது நிமிடத்தில் வந்தது.